பள்ளிக்கு மதியச் சாப்பாடு: புதிதாக என்ன கட்டலாம்? பாதி டப்பா அப்படியே திரும்பி வருகிறது

திருப்பூர்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளி திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் எனக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. மகள் நான்காம் வகுப்பு, மகன் எல்கேஜி. வேன் காலை 7.30க்கே வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். சின்னவனுக்குச் சாப்பாட்டு நேரம் 11.45, பெரியவளுக்கு 12.40. எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம், புளிச்சாதம், தயிர்ச்சாதம், வெள்ளிக்கிழமை சப்பாத்தி, மறுபடி எலுமிச்சை என்று சுற்றிச் சுற்றி வருகிறேன். பெரியவள் டப்பாவில் பாதி அப்படியே வருகிறது. கேட்டால் நேரமில்லை என்கிறாள். சின்னவன் பொரியலை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சாதத்தைத் தொடுவதே இல்லை.

பள்ளியில் நூடுல்ஸ், சிப்ஸ், பாக்கெட் தின்பண்டம் எதுவும் கூடாது. அசைவம் கூடாது, முட்டையும் அதில் சேர்த்தி. 10.30க்கு ஒரு சின்ன இடைவேளை, அதற்குப் பழமோ சுண்டலோ கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.

காலையில் அடுப்பு முன்னால் எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதிலேயே வீட்டுக்காரருக்கும் கட்ட வேண்டும். கேரட்டைப் பூவாக வெட்டிச் சாதத்தைக் கரடி மாதிரி பிடித்து வைக்கிற யூடியூப் வேலையெல்லாம் நம்மால் ஆகாது. உங்கள் வீட்டில் நிஜமாகக் கட்டுவதைச் சொல்லுங்கள்.

நெல்லைக்காரி:
எங்கள் ஊர் உளுந்தஞ்சோறு செய்து பார்த்திருக்கிறீர்களா தோழி? தோலோடு இருக்கிற உடைத்த கருப்பு உளுந்து அரை டம்ளர் எடுத்து வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் அரிசியோடு கழுவிக் குக்கரில் போட்டு, ஒரு கைப்பிடி பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், தேங்காய்த் துருவல், உப்பு, நான்கு டம்ளர் தண்ணீர். நான்கு விசில், அவ்வளவுதான். தாளிப்புகூட வேண்டாம். இதற்கு ஜோடி எள்ளுத் துவையல். கெட்டியாக அரைத்து ஓரத்தில் ஒரு உருண்டை வைத்துவிடுங்கள். பெண்பிள்ளைகளுக்கு இடுப்புக்கு நல்லது என்று எங்கள் ஆச்சி காலத்திலிருந்து சொல்வார்கள், அது எப்படியோ, வயிறு நிறைய நிற்கும். எங்கள் வீட்டில் டப்பா காலியாகத்தான் வருகிறது.

கொங்குச்_சமையல்:
திருப்பூரில் இருந்துகொண்டு அரிசிம்பருப்புச் சாதத்தை விட்டுவிட்டீர்களே அம்மணி!

திருப்பூர்_அம்மா:
விடவில்லை அக்கா, வாரம் ஒரு நாள் இரவுக்கு அதுதான். சுடச்சுடச் சாப்பிட்டால் அமிர்தம். டப்பாவில் கட்டிவிட்டால் மதியத்துக்குள் கட்டையாக இறுகிவிடுகிறதாம். ஸ்பூன் இறங்கவில்லை என்று பெரியவள் சண்டைக்கு வருகிறாள்.

கொங்குச்_சமையல்:
பருப்பு ஆறினால் இறுகத்தான் செய்யும். வீட்டில் உடனே சாப்பிட 1க்கு 3 தண்ணீர் வைக்கிறீர்கள் என்றால் டப்பாவுக்கு 1க்கு நான்கு வையுங்கள். காலையில் பார்க்கக் கொழகொழவென்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம், மதியத்துக்குச் சரியான பதத்துக்கு வந்துவிடும். துவரம்பருப்பைக் கொஞ்சம் குறைத்துச் சின்ன வெங்காயத்தைக் கூட்டுங்கள். மூடுவதற்கு முன்னால் ஒரு ஸ்பூன் நெய் ஊற்றிக் கிளறிவிடுங்கள். இன்னொன்று, சாதத்தை அமுக்கி அமுக்கி வைக்காதீர்கள்.

வாத்தியாரம்மா:
அந்தக் கடைசி வரியைத்தான் நான் எழுத வந்தேன். தனியார் பள்ளி ஒன்றில் சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியை, ஊர் பெயர் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு உட்காருகிற வேலை எனக்கு. நீங்கள் எல்லாரும் புதிய சாதம் புதிய சாதம் என்று தேடுகிறீர்கள், நான் பார்க்கிற வரைக்கும் டப்பா திரும்பி வருவதற்குச் சாதம் காரணமாக இருப்பது குறைவு.

கால அட்டவணையில் 30 நிமிடம் என்று போட்டிருக்கும். வரிசையில் போய்க் கைகழுவி, பையிலிருந்து எடுத்து, துண்டு விரித்து, பிரார்த்தனை சொல்லி முடிப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். மிச்சத்தில் பாதி நேரம் பேச்சு. பேசாதே என்று சொல்லவும் எனக்கு மனசு வருவதில்லை, காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தானே. ஆகப் பிள்ளை உண்மையில் சாப்பிடுகிற நேரம் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் முடிகிற மாதிரி இருந்தால் சாப்பிடும்.

எல்கேஜி பிள்ளைகள் டப்பாவைத் திறக்க முடியாமல் என் முன்னால் வரிசையில் நிற்பார்கள். நான்கு பக்கமும் கிளிப் வைத்த டப்பா, உள்ளே இன்னொரு குட்டி டப்பா, அதற்குத் திருகு மூடி! வாங்குவதற்கு முன்னால் பிள்ளை கையில் கொடுத்து இரண்டு முறை திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லையா, எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது அளவு. ஒரு பெரிய டப்பா நிறைய அமுக்கி வைத்த சாதத்தைப் பார்த்தாலே சில பிள்ளைகளுக்குப் பாதிப் பசி போய்விடுகிறது. வீட்டில் அந்தப் பிள்ளை ஒரு வேளைக்குச் சாப்பிடுகிற அளவில் முக்கால்வாசி போதும். இன்னும் வேண்டும் என்று வீட்டுக்கு வந்து கேட்டால் அடுத்த நாள் கூட்டுங்கள். சின்னவன் பொரியலை மட்டும் பொறுக்குகிறான் என்றீர்களே, ஸ்பூனில் அள்ளும்போது சாதம் சிந்துகிறது, சிந்தினால் திட்டு விழும் என்று பயந்து கையால் எடுக்க முடிவதை மட்டும் எடுக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அவனுக்குச் சாதமே வேண்டாம், கொஞ்ச நாளைக்குக் கையில் பிடித்துக் கடிக்கிற மாதிரி கொடுத்துப் பாருங்கள்.

பழைய_பஞ்சாங்கம்:
நாங்கள் பன்னிரண்டு வருடமும் தூக்குவாளியில் தயிர்ச்சாதமும் மாவடுவும்தான் கொண்டுபோனோம். யாரும் எங்களிடம் இன்றைக்கு என்ன வேண்டும் கண்ணு என்று கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ரொம்பத்தான் செல்லம். பசித்தால் தானாகச் சாப்பிடும்.

மதுரை_அப்பா:
ஐயா, தயிர்ச்சாதமும் மாவடுவும் கிடைத்தால் நான் இப்போதும் ஆபீசுக்கு அதையே கொண்டுபோவேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பசித்தால் சாப்பிடும் என்பது வீட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சரி. பள்ளியில் மணி அடித்துவிட்டால் பசியோடுதான் கணக்குப் பாடத்தில் உட்கார வேண்டும்.

எங்கள் வீட்டில் காலை டிபனும் டப்பாவும் என் பொறுப்பு, மனைவிக்கு ஆறு மணி ஷிப்ட். எனக்குக் கைகொடுப்பது இட்லி மாவு ஒன்றுதான். ஒரே மாவில் எத்தனையோ செய்யலாம். குழிப்பணியாரம் சின்னவனுக்கு அப்படியே பொருந்தும்: மாவில் துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை போட்டு, கடுகு கடலைப்பருப்பு தாளித்துக் கொட்டி ஊற்றினால் சட்னியே வேண்டாம். ஐந்தாறு வைத்தால் அவனுக்கு வயிறு நிறைந்துவிடும். அடுத்தது பொடி இட்லி. குட்டி இட்லித் தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சாதாரண இட்லியை நான்காக வெட்டி, நல்லெண்ணெயில் பொடியைக் குழைத்துப் புரட்டிவிட்டால் மதியம்வரை மெத்தென்று இருக்கும். ஆறின இட்லியை உதிர்த்து வெங்காயம் போட்டுத் தாளித்தால் இட்லி உப்புமா. இதையெல்லாம் மல்லிகைப்பூ இட்லி ஊர்க்காரன் சொல்கிறேன், நம்பலாம்.

தோசை மட்டும் கட்டாதீர்கள். மதியத்துக்குத் தோல் செருப்பு.

பிளஸ்ஒன்_பையன்:
அம்மா ஐடியில் வந்து எழுதுகிறேன். எல்லாரும் பெரியவர்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், சாப்பிடுகிறவன் சார்பில் ஒரு வார்த்தை.

வகுப்பில் எது விலைபோகும் என்று எனக்குத் தெரியும். லெமன் ரைஸ் உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுவந்தால் டப்பா திறந்த ஒரு நிமிடத்தில் காலி, கொண்டுவந்தவனுக்கே மிஞ்சாது. புளிச்சாதத்துக்கும் நல்ல மதிப்பு, அதுவும் கோயில் புளியோதரை மாதிரி கருப்பாக வேர்க்கடலை போட்டு இருந்தால். யாருமே வாங்காதது தண்ணியாக ஓடுகிற குருமாவும் சப்பாத்தியும். குருமா டப்பாவிலிருந்து கசிந்து நோட்டெல்லாம் மஞ்சளாகும், அன்றைக்கு முழுக்கப் பையே நாறும். பீட்ரூட் பொரியலைத் தயிர்ச்சாதத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மூடி திறக்கும்போது எல்லாம் ரோஸ் கலரில் இருக்கும், பசங்கள் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள். தயிர்ச்சாதம் புளித்துப்போனால் ஒரு வாய்கூட இறங்காது. இதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

நெல்லைக்காரி:
வாடா தம்பி, நீதான் முக்கியமான ஆள். இந்த இழையில் உனக்குத்தான் முதல் மரியாதை.

லேப்_கோட்டு:
தம்பி சொன்ன தயிர்ச்சாதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள், இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டுகிறவளும்கூட.

காலையில் தயிரை நிறைய ஊற்றிப் பிசைந்தால் மதியத்துக்குள் அது மேலும் புளிக்கும், வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். சாதத்தைச் சூட்டோடு நன்றாக மசித்துக் காய்ச்சிய பாலை ஊற்றிக் கிளறுங்கள். தொட்டால் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்தபிறகு ஒரே ஒரு ஸ்பூன் தயிர். டப்பாவுக்குள்ளேயே உறைந்து மதியம் புளிப்பில்லாத தயிர்ச்சாதமாகிவிடும். மாதுளை முத்து, துருவிய மாங்காய் இஞ்சி எது வேண்டுமானாலும் போடலாம். வெள்ளரிக்காய் போட்டால் மட்டும் தண்ணீர் விட்டுக்கொள்ளும், தனியாக வையுங்கள்.

இனி சாதம் கட்டுகிற விதம். அடுப்பிலிருந்து இறக்கிய சாதத்தைக் கொதிக்கக் கொதிக்க டப்பாவில் போட்டு மூடினால் நீராவி மூடியில் பட்டுத் தண்ணீராகித் திரும்பச் சாதத்தின் மேலேயே சொட்டும். மேலே நசநச, கீழே கட்டி. ஒரு அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் எடுத்துக் கட்டுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். இரவு மிஞ்சிய சாதத்தை மேடையிலேயே வைத்துவிட்டுக் காலையில் எலுமிச்சை பிழிந்து தாளித்துக் கட்டுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது வேண்டாம். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா, அதன் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், சாதம் கொதித்தாலும் சாகாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் சாதம் நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி விஷத்தை உண்டாக்கும். அதில் ஒருவகை விஷம் மறுபடி வாணலியில் போட்டு வறுத்தாலும் போகாது. இரவுச் சாதம்தான் வேண்டும் என்றால் வடித்த கொஞ்ச நேரத்திலேயே பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், காலையில் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். காலையில் வடித்த சாதம் என்றால் இத்தனை கவலை இல்லை, ஆனாலும் சீக்கிரம் கெடுகிற சேர்மானங்களைத் தவிருங்கள். பச்சைத் தேங்காய்ச் சட்னி முதலாவது. நெல்லை அக்கா சொன்ன உளுந்தஞ்சோற்றில் தேங்காய் குக்கரிலேயே வெந்துவிடுகிறது, அது வேறு.

சூடான ஃபிளாஸ்க் டப்பா வாங்குகிறவர்களும் கவனியுங்கள். அதில் முதலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஐந்து பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, அப்புறம் கொதிக்கக் கொதிக்கச் சாப்பாட்டைப் போட வேண்டும். வெதுவெதுப்பான சாதத்தை அதில் போட்டு மூடுவது கிருமிக்கு நாமே மெத்தை விரித்துக் கொடுக்கிற வேலை.

பழைய_பஞ்சாங்கம்:
அப்படியானால் பழைய சோறு சாப்பிட்ட என் அப்பாவும் தாத்தாவும் எப்படி உயிரோடு இருந்தார்கள்?

லேப்_கோட்டு:
பழைய சோறு தண்ணீரில் ஊறிப் புளிக்கிறது ஐயா. புளிப்பு ஏறினால் கெட்ட கிருமிகளுக்கு அங்கே பிழைப்புக் கஷ்டம். தண்ணீர் ஊற்றாமல் பாத்திரத்தோடு மூடி வைத்த சாதத்தைப் பற்றித்தான் சொன்னேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பழைய_பஞ்சாங்கம்:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். செல்லம் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

சத்துணவுக்கூடம்:
அரசுப் பள்ளிச் சத்துணவு மையத்தில் வேலை. படித்துக்கொண்டே வந்தேன், சிரிப்பும் வந்தது. நீங்கள் புதிதாகத் தேடுகிற சாதங்களில் பாதி எங்கள் அடுப்பில் வாராவாரம் வேகிறது.

எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவைத் தொடங்கியபோது சாதமும் சாம்பாரும்தான். கலவைச் சாதங்கள் 2013க்குப் பிறகு வந்தவை. இப்போது பட்டியலில் காய்கறி பிரியாணி, கருப்புக் கொண்டைக்கடலைப் புலாவ், கறிவேப்பிலைச் சாதம் அல்லது கீரைச் சாதம், மீல்மேக்கர் காய்கறிச் சாதம், சாம்பார் சாதம், எலுமிச்சைச் சாதத்தோடு சுண்டல் எல்லாம் உண்டு. கூடவே பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை, மிளகு போட்டோ தக்காளி மசாலாவிலோ. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

கருப்புக் கொண்டைக்கடலைப் புலாவ் வீட்டில் செய்வது சுலபம். இரவே கடலையை ஊறவைத்துவிடுங்கள். காலையில் குக்கரில் எண்ணெய் ஊற்றிப் பட்டை, கிராம்பு, சோம்பு தாளித்து, வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, கொஞ்சம் மிளகாய்த்தூள், ஊறின கடலை, அரிசி, தண்ணீர். கடலை நன்றாக ஊறியிருக்க வேண்டும், அரைகுறையாக ஊறினால் அரிசி குழைந்தாலும் கடலை கடுக் கடுக்கென்று நிற்கும். சந்தேகமாக இருந்தால் கடலையை மட்டும் முதலில் இரண்டு விசில் விட்டுக்கொள்ளுங்கள். அரிசியும் பயறும் சேர்ந்தால் அதுவே நல்ல புரதம், பக்கத்தில் பொரியல்கூட வேண்டாம். மீல்மேக்கரும் அப்படித்தான், வெந்நீரில் போட்டுப் பிழிந்து, சின்னதாக வெட்டிப் போடுங்கள், முழுதாகப் போட்டால் பிள்ளைகள் ஒதுக்கிவிடுகிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் மிச்சம் வைக்காததற்கு ஒரு காரணம் எனக்குத் தெரியும். எல்லாரும் தட்டில் ஒன்றையே சாப்பிடுகிறார்கள். பக்கத்துப் பிள்ளை டப்பாவைப் பார்த்து ஏங்குகிற வேலை இல்லை.

மதுரை_அப்பா:
அரசுப் பள்ளியில் தினமும் முட்டை, காசு கட்டிப் படிக்கிற பள்ளியில் முட்டைக்குத் தடை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

திருப்பூர்_அம்மா:
பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். மற்ற பிள்ளைகளுக்கு வாடை பிடிக்காது என்றார்கள். காலையிலேயே வீட்டில் அவித்துக் கொடுத்துவிடுகிறேன், சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

கொங்குச்_சமையல்:
வாடை என்று முள்ளங்கியைச் சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். அவித்த முட்டையைச் சொல்வது எனக்கு ஏற்கவில்லை. அலர்ஜி உள்ள பிள்ளை இருக்கிறது, அதனால் வேண்டாம் என்றால் அது நியாயமான காரணம், அப்போது நாமே கொடுத்துவிடமாட்டோம். வேர்க்கடலைக்கும் அப்படித்தான்.

வாத்தியாரம்மா:
இந்தப் பேச்சு வேறு பக்கம் போய்விடும், சமையலுக்கே வருவோம்.

வேர்க்கடலை என்றதும் ஞாபகம் வந்தது, எல்கேஜி பிள்ளைக்கு முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை கொடுத்துவிடாதீர்கள். ஐந்து வயதுக்குள் தொண்டையில் அடைக்கிற ஆபத்து உண்டு, அதுவும் சிரித்துப் பேசிக்கொண்டே வாயில் போடுகிற கூட்டம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், கடலையைப் பொடித்துப் போடுங்கள். 10.30 டப்பாவுக்கு வாழைப்பழம்தான் எனக்குத் தெரிந்து சிறந்தது. ஆனால் உரித்து வெட்டிப் போட்டால் கருத்து வழவழவென்று ஆகிவிடும், தோலோடு கொடுத்து உரிக்கப் பழக்குங்கள். ஆப்பிள் வெட்டினால் லேசான உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள், அவ்வளவு சீக்கிரம் கருக்காது.

மதுரை_அப்பா:
கையில் பிடித்துக் கடிக்கிற சாப்பாடு என்று டீச்சர் சொன்னார்களே, எங்கள் வீட்டில் ஓடுகிறவை இன்னும் சில. பருப்பு அடையைச் சின்ன வடை அளவில் கனமாக ஊற்றி வேகவைப்பது, ஆறினாலும் நன்றாக இருக்கும். அம்மிணிக் கொழுக்கட்டை, அரிசிமாவை வெந்நீரில் பிசைந்து சின்னச் சின்னதாக உருட்டி ஆவியில் வேகவைத்துத் தாளித்து இட்லிப் பொடியில் புரட்டுவது. உருட்டுகிற வேலையை முந்தின இரவு பிள்ளைகளிடமே விட்டுவிடுவேன். ஒன்று கோலிக்குண்டு, இன்னொன்று கிரிக்கெட் பந்து அளவில் வரும், யார் கவலைப்பட்டார்கள்? சக்கரைவள்ளிக்கிழங்கு அவித்தது. பொங்கல் சமயம் பனங்கிழங்கு, நாரை உரித்துத் துண்டாக்கிக் கொடுத்தால் பள்ளியில் அதற்கு ஒரு கூட்டமே சேருகிறதாம்.

சப்பாத்தியைச் சுருட்டிக் கொடுங்கள். மாவைச் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து அரை மணி ஊறவிட்டால் மதியம்வரை மிருதுவாக இருக்கும். உள்ளே தண்ணி மசாலா வேண்டாம், உருளைக்கிழங்கோ பனீரோ வறட்டி வதக்கியது. சாண்ட்விச் செய்தால் ரொட்டியின் உள்பக்கம் இரண்டிலும் வெண்ணெய் தடவிவிடுங்கள், ஈரம் ரொட்டிக்குள் இறங்காது. உள்ளே கெட்டிக் கொத்தமல்லிச் சட்னி, அதிலும் தேங்காய் வேண்டாம், பொட்டுக்கடலை போட்டு அரையுங்கள்.

திருப்பூர்_அம்மா:
கேழ்வரகு கொடுத்தால் இரண்டும் ஓடுகின்றன. களி, கூழ், புட்டு எதுவும் நடக்கவில்லை. கால்சியம் கால்சியம் என்று என் மாமியார் என்னைப் பிடுங்கி எடுக்கிறார்.

லேப்_கோட்டு:
உங்கள் மாமியார் சொல்வது சரிதான், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அது சொற்பம். களியாகக் கொடுக்காமல் ராகி சேமியா வாங்கிப் பாருங்கள். தண்ணீரில் உப்புப் போட்டு மூன்று நிமிடம் ஊறவைத்து, வடிகட்டி, இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்தால் உதிரி உதிரியாக வரும். எலுமிச்சைத் தாளிப்பில் புரட்டினால் எலுமிச்சைச் சேவை. நூடுல்ஸ் தடை செய்யப்பட்ட பள்ளியில் நூடுல்ஸ் சாப்பிட்ட திருப்தி! எலுமிச்சையை அடுப்பை அணைத்து இறக்கினபிறகு பிழியுங்கள், கொதிக்கிற வாணலியில் பிழிந்தால் கசக்கும். முருங்கைக்கீரைப் பொடி போட்ட சாதத்திலும் சில சொட்டு எலுமிச்சை விடுங்கள், கீரையின் இரும்புச் சத்து உடம்பில் ஒட்ட அந்த வைட்டமின் சி உதவும்.

நெல்லைக்காரி:
பொடி என்றதும்தான் தோன்றுகிறது, முக்கால் மணி நேரக்காரர்களுக்குப் பொடிச் சாதத்தை விட்டால் வேறு கதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி, பருப்புப் பொடி மூன்றையும் வறுத்து அரைத்துப் பாட்டிலில் போட்டுவிடுங்கள். கறிவேப்பிலையைக் கழுவி நிழலில் நன்றாக உலரவிட்டு வறுக்க வேண்டும், ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். காலையில் சுடுசாதம், நல்லெண்ணெய், பொடி, ஒரு கரண்டித் தாளிப்பு. கூடவே வாழைக்காய் வறுவலோ சேப்பங்கிழங்கு வறுவலோ. புளிக்காய்ச்சலும் அன்றைக்கே காய்ச்சி வைத்துவிட்டால் வாரத்தில் ஒரு நாள் மிச்சம்.

பிளஸ்ஒன்_பையன்:
சேப்பங்கிழங்கு வறுவல் தனி டப்பாவில் வையுங்கள் ஆன்ட்டி. சாதத்தோடு வைத்தால் மொறுமொறுப்பு போய் வழவழ என்றாகிவிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்காமல் போனது.

திருப்பூர்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. திங்கள்கிழமைக்கு முடிவு செய்துவிட்டேன்: பெரியவளுக்குக் கொண்டைக்கடலைப் புலாவ், அளவைக் குறைத்து, அமுக்காமல். சின்னவனுக்குக் கேரட் பணியாரம். செவ்வாய் ராகி சேவை. புதன் பால் ஊற்றின தயிர்ச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் தனி டப்பாவில், தம்பி உத்தரவுப்படி. வியாழன் உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையலோடு. வெள்ளி என்னவென்று பிள்ளைகளே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன். பழைய பஞ்சாங்கம் ஐயா திட்டினாலும் சரி.

சின்னவன் டப்பாவைக் கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். முடியவில்லை, பல்லால் கடிக்கப் போனான். நாளைக்கே கடைக்குப் போக வேண்டும். எவர்சில்வரா பிளாஸ்டிக்கா?

பழைய_பஞ்சாங்கம்:
எவர்சில்வர். இதில் என்ன கேள்வி.

வாத்தியாரம்மா:
எவர்சில்வரில் மூடியைத் தூக்குகிற மாதிரி ஒரு பக்கம் மட்டும் கிளிப் வைத்து வருகிறது, அல்லது சாதாரணமாக அழுத்தி மூடுகிறது. அவனுக்கு அது போதும், குழம்பு எதுவும் கட்டப்போவதில்லையே. அடியில் பெயரைப் பொறித்து வாங்கிக்கொள்ளுங்கள், பாத்திரக் கடையிலேயே செய்து தருவார்கள். ஸ்டிக்கர் ஒரு மாதம் தாங்காது, வகுப்பில் ஒரே மாதிரி டப்பா ஏழெட்டு இருக்கும்.

கொங்குச்_சமையல்:
பெரியவள் டப்பா மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கழற்றிக் கழுவுகிறீர்களா? அதற்கு அடியில்தான் எண்ணெயும் மசாலாவும் போய் உட்கார்ந்துகொண்டு நாறும், எந்தச் சாதம் கட்டினாலும் அந்த வாடைதான் முதலில் வரும். வாரம் ஒரு தரம் கழற்றிச் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். தளர்ந்துபோயிருந்தால் வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கும், மூடியைக் கடைக்கு எடுத்துப்போய் அளவு பார்த்து வாங்குங்கள்.